டெலானோவின் அண்ணன்மார்

நான் வேலை பார்ப்பது ஒரு லாரி கம்பெனியின் கணக்குப் பிரிவில். கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் லாரி கம்பெனி என்றால் பெரும்பாலும் பஞ்சாபிகள் நடத்துவதுதான், எங்களுடையதும் அப்படியே. காய், பழம் ஏற்றும் குளிர்பதன வண்டிகள். ஆகஸ்ட் பிறந்துவிட்டால் திராட்சை தவிர வேறு பேச்சே இருக்காது. வண்டிக்குள் 34 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். சூடு ஏறினால் காம்பு காய்ந்து பழுப்பாகிவிடும், ரொம்ப இறங்கினால் பழம் உறைந்துவிடும். மூன்று நாள் ஓட்டிக்கொண்டு போய் இறக்குகிற இடத்தில், காம்பு நிறம் சரியில்லை என்று சொல்லி மொத்த லோடையும் திருப்பிவிடுவார்கள். டிரைவர் போன் பண்ணுவார். "மேடம், இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?"

அந்த போன் வந்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். காலையில் முழு விலை பேசிய சரக்கு, மதியம் பாதி விலை, மறுநாள் யாராவது இனாமாக எடுத்துக்கொண்டால் போதும் என்ற நிலை. உருளைக்கிழங்கு லோடு என்றால் இவ்வளவு பதற மாட்டேன். திராட்சைக்குப் பொறுமையே கிடையாது.

இது எனக்கு இங்கே வந்து தெரிந்த விஷயம் இல்லை. நான் பிறந்தது சுருளிப்பட்டி. கம்பம் பள்ளத்தாக்கு, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர், பன்னீர் திராட்சை. அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் பந்தல். கல்தூண் ஊன்றி, கம்பி இழுத்து, தலைக்கு மேல் கொடி படர்ந்திருக்கும். செவட்டை நோய் வரக்கூடாது என்று மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்பதால் இலையெல்லாம் நீலம் பூத்துக் கிடக்கும். கவாத்து பண்ணி நாலு மாசத்தில் அறுப்பு. அந்த நாலு மாசமும் வீட்டில் அப்பா வானத்தைப் பார்த்துத்தான் பேசுவார், எங்களைப் பார்த்து இல்லை.

பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து 99ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே அரை மணி நேரம் போனால் டெலானோ. நான் முதல்முறை அந்தப் பக்கம் போனது ஒரு பழப் பண்ணையின் பாக்கிக் கணக்கைத் தீர்க்க. அக்டோபர் கடைசி. வரிசை வரிசையாகக் கொடிகளின் மேல் வெள்ளை பிளாஸ்டிக் போர்த்தியிருந்தார்கள், மழை பழத்தில் படாமலிருக்க. மைல் கணக்கில் வெள்ளை. அப்பா இதைப் பார்த்தால் பொறாமையில் காய்ச்சல் வந்து படுத்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். வரிசை முனையில் குடை நட்டு, அதன் நிழலில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கைக்குட்டையால் முகத்தைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். கண் மட்டும் தெரிந்தது.

காரியம் முடிந்து திரும்பும்போதுதான் எங்கள் ஆபீஸ் அக்காவின் நினைவு வந்தது. வண்டிகளை எங்கெங்கே அனுப்புவது என்று பார்க்கிறவர் அவர். பிலிப்பினோ, டெலானோக்காரர். "அங்கே போனால் எங்கள் ஹாலைப் பார்த்துவிட்டு வா, கிளென்வுட் தெருவில் இருக்கிறது" என்று சொல்லியிருந்தார். போனேன். நம் ஊர்க் கல்யாண மண்டபம் மாதிரிகூட இல்லை, அதைவிட எளிமையான கட்டடம். பூட்டியிருந்தது. வெளியே நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் அவரிடம் "அங்கே என்னக்கா விசேஷம்?" என்று கேட்டதற்கு, மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் பதில் சொன்னார். அப்புறம் நானாகத் தேடி நிறையப் படித்தேன். இந்தப் பதிவு அதனால்தான்.

1965 செப்டம்பர் 7 இரவு. அந்த ஹாலில் பிலிப்பினோ தொழிலாளர்கள் கூடினார்கள். பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள். 1920களிலும் 30களிலும் வாலிபப் பிள்ளைகளாகக் கப்பலேறி வந்தவர்கள். அலாஸ்காவில் மீன் டப்பாத் தொழிற்சாலை, ஸ்டாக்டனில் தண்ணீர்விட்டான் தண்டு (அஸ்பாரகஸ்), கோச்செல்லாவிலும் டெலானோவிலும் திராட்சை என்று பருவம் பார்த்து ஊர் ஊராகப் போனவர்கள். கல்யாணம் ஆகாதவர்கள். ஆகாதவர்கள் என்று சொல்வதுகூடச் சரியில்லை, ஆகவிடவில்லை. வந்தவர்களில் பெண்கள் மிகக் குறைவு. வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டலாம் என்றால் கலிஃபோர்னியாச் சட்டம் தடுத்தது, அந்தத் தடை 1948இல்தான் உடைந்தது. அதற்குள் இவர்களுக்கு வயது போய்விட்டது. பண்ணை முதலாளி கட்டிக்கொடுத்த லேபர் கேம்ப் கட்டில்தான் வீடு, பக்கத்துக் கட்டில்காரன்தான் குடும்பம்.

இவர்களை எல்லோரும் 'மனோங்' என்று கூப்பிட்டார்கள். இலோகானோ மொழியில் அண்ணன் என்று அர்த்தம். எங்கள் ஆபீஸில்கூட இளைய பிலிப்பினோப் பையன்கள் அந்த அக்காவை 'மனாங்' என்பார்கள். அதற்கு அக்கா என்று பொருள். அவருடைய தாத்தாவின் தம்பி ஒருவர் அன்றைக்கு அந்த ஹாலில் கை தூக்கியவர்களில் ஒருவராம்.

கேட்டது ரொம்பப் பெரிய விஷயமில்லை. அந்த வருஷம் மே மாதம் தெற்கே கோச்செல்லாவில் திராட்சை முதலில் பழுத்தபோது, இதே ஆட்கள் வேலையை நிறுத்தி மணிக்கு 1.40 டாலர் வாங்கியிருந்தார்கள். மெக்சிகோவிலிருந்து அரசாங்க ஒப்பந்தத்தில் வந்த கூலிகளுக்கு அந்த விகிதம், உள்ளூரில் இருக்கிற எங்களுக்கு மட்டும் ஏன் குறைவு என்பதுதான் கேள்வி. பத்து நாளில் காரியம் முடிந்தது. அப்புறம் பழம் பழுக்கப் பழுக்க வடக்கே வந்தார்கள். டெலானோவுக்கு வந்து சேர்ந்தால் இங்கே பழைய கூலிதான் என்றார்கள். அதே பழம், அதே கத்தரி, அதே கை. கோச்செல்லாவில் கொடுத்ததை இங்கேயும் கொடு என்று கேட்டார்கள்.

முன்னால் நின்றவர் அவர்களுடைய சங்கத்தின் அமைப்பாளர் லாரி இட்லியாங். பதினைந்து வயதில் அமெரிக்கா வந்தவர். ஒரு கையில் மூன்று விரல் கிடையாது, அலாஸ்காவில் போனது. 'ஏழு விரல்' என்பது பட்டப்பெயர். வாயில் எப்போதும் சுருட்டு. கூட பிலிப் வெரா க்ரூஸ், பீட் வெலாஸ்கோ, பென் ஹினெஸ். செப்டம்பர் 8 காலையில் அவர்கள் பந்தலுக்குப் போகவில்லை. கேம்பிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

இதைப் படித்தபோது 1993 ஏப்ரல்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த நேரம். எங்கள் பந்தலில் அறுப்பு. பெண்களுக்கு 18 ரூபாய் கூலி, ஆண்களுக்கு 35. ஆண்கள் மருந்தடிப்பார்கள், பெட்டி தூக்குவார்கள். கொத்தை அறுப்பதும் அழுகலை எடுத்துவிட்டுப் பெட்டி கட்டுவதும் பெண்கள் வேலை. பார்க்கத்தான் லேசு. திராட்சைமேல் வெள்ளையாக மாவு பூத்த மாதிரி ஒரு பூச்சு இருக்கும், கைபட்டால் போச்சு. காம்பை இரண்டு விரலால் பிடித்து, மற்ற கையால் கத்தரித்து, பழத்தைத் தொடாமலே பெட்டியில் இறக்க வேண்டும். கேரள வியாபாரி பெட்டியைத் திறந்ததும் முதலில் அந்த மாவைத்தான் பார்ப்பான். மாவு அழிந்து பழம் பளபளவென்று இருந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு ரேட்டை இறக்குவான். எனக்குத் தெரிந்து அந்த வேலையைச் சுத்தமாகச் செய்யக்கூடியவர்கள் எங்கள் பக்கம் பத்துப் பதினைந்து பெண்கள்தான்.

அந்தப் பெண்கள் ஒரு நாள் காலையில் வரவில்லை. எட்டு மணியாயிற்று, ஒன்பதாயிற்று. அப்பா என்னைச் சைக்கிளில் அனுப்பினார். அவர்கள் தெருவில், புளியமரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். வெற்றிலை போட்டுக்கொண்டு, ஏதோ திருவிழாவுக்குக் காத்திருக்கிற மாதிரி. நடுவில் இருந்தவர் என் அம்மாவைவிட மூத்தவர். நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம், அப்போது அது தப்பாகவே தெரியவில்லை. பெயரை இங்கே போட வேண்டாம். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "பாப்பா, அப்பாகிட்ட போய்ச் சொல்லு. இருபத்தஞ்சு குடுத்தா வாரோம். பழத்துக்குத்தான் அவசரம், எங்களுக்கு என்ன அவசரம்?"

சைக்கிளை மிதித்து வந்து அப்படியே ஒப்பித்தேன். அப்பா முகம் சிவந்து நான் பார்த்தது மிகச் சில தடவைதான்.

அவர் சும்மா இருக்கவில்லை. மறுநாள் உத்தமபாளையம் பக்கமிருந்து ஒரு டெம்போ நிறைய ஆள் வந்தார்கள். நெல் அறுக்கிற கைகள். கொத்தைக் கோழி பிடிக்கிற மாதிரி பிடித்தார்கள். சாயங்காலம் வியாபாரி வந்து பெட்டியைத் திறந்தான், அப்பாவைப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் மூடினான். மூன்றாம் நாள் சுருளி மலைமேல் மேகம் கட்டியது. பழுத்த திராட்சையில் கோடை மழை பெய்தால் ஒவ்வொரு பழமும் வெடித்துவிடும். அன்று மதியம் அப்பாவே அந்தப் புளியமரத்தடிக்குப் போனார்.

எத்தனை ரூபாயில் முடிந்தது என்று எனக்கு நினைவில்லை. மறுநாள் அவர்கள் வந்தார்கள், அது மட்டும் நினைவிருக்கிறது.

சரி, டெலானோவுக்கு வருகிறேன். அங்கே மூன்று நாளில் முடியவில்லை. முதலாளிகள் எங்கள் அப்பா மாதிரி இரண்டு ஏக்கர்காரர்கள் இல்லை, ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருந்தவர்கள். கேம்பில் கேஸை அறுத்தார்கள், கரண்டை நிறுத்தினார்கள், தண்ணீரை அடைத்தார்கள். பெட்டி படுக்கையைத் தூக்கி வெளியே போட்டார்கள். நாற்பது வருஷம் அந்த மண்ணில் உழைத்த அறுபது வயது ஆள், தெருவில் தன் டிரங்குப் பெட்டியோடு நிற்கிறார். அவர்கள் இடத்தில் மெக்சிகோக்காரர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். இது பழைய தந்திரம். இதற்கு முன்பு மெக்சிகோக்காரர்கள் நிறுத்தினால் பிலிப்பினோக்களை இறக்குவார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றுக்கொன்று கருங்காலியாக இருந்தே காலம் போயிற்று.

லாரி இட்லியாங் நேராக சீசர் சாவேஸிடம் போனார். சாவேஸும் டோலோரஸ் ஹுவெர்ட்டாவும் கில்பர்ட் பாடியாவும் சேர்ந்து 1962இல் மெக்சிகோத் தொழிலாளர்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்திருந்தார்கள். இன்னும் இரண்டு மூன்று வருஷமாவது ஆகும், இப்போது நிறுத்தத்துக்கு நாங்கள் தயாரில்லை என்பதுதான் சாவேஸின் எண்ணம். ஆனால் பக்கத்து வயலில் கிழவர்கள் நிற்கும்போது நம் ஆட்கள் உள்ளே போய்ப் பழம் பறிப்பதா? செப்டம்பர் 16, மெக்சிகோவின் சுதந்திர நாள், டெலானோவின் குவாதலூப்பே மாதா கோயிலில் கூடி, நாங்களும் இறங்குகிறோம் என்று முடிவு செய்தார்கள். அடுத்த ஆண்டு இரண்டு சங்கமும் ஒன்றாயின.

பிலிப்பினோ ஹால் இரண்டு கூட்டத்துக்கும் பொதுவான சமையலறை ஆனது. ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் பீன்ஸ். நம் ஊரில் சாப்பாட்டுப் பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும். எத்தனையோ வருஷமாக ஒருவன் பிழைப்பில் இன்னொருவனை மண் போட வைத்திருந்தார்கள். இப்போது ஒரே மேஜையில் தட்டை நீட்டினார்கள்.

மறியல் பண்ணுவதும் லேசாக இல்லை. தனியார் நிலத்துக்குள் கால் வைக்க முடியாது, சாலையோரம் நின்று உள்ளே வேலை செய்கிறவர்களைக் கத்திக் கூப்பிட வேண்டும். 'ஹுவெல்கா' என்று கத்துவார்கள், ஸ்பானிஷில் வேலைநிறுத்தம். நான் குடியிருக்கிற இதே கெர்ன் மாவட்டத்தின் போலீஸ் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது என்றது! 1965 அக்டோபர் 19 அன்று அந்த ஒரு சொல்லைச் சேர்ந்து கத்தியதற்காக 44 பேரைக் கைது செய்தார்கள். பாதிரியார்களும் அதில் இருந்தார்கள், சாவேஸின் மனைவி ஹெலனும் இருந்தார். அடுத்த மார்ச்சில் செனட் குழு டெலானோவுக்கே வந்து விசாரித்தது. எந்தக் குற்றமும் செய்யாதவர்களை ஏன் பிடித்தீர்கள் என்ற கேள்விக்கு, அவர்களை மற்றவர்கள் அடிக்கப்போவதாகத் தகவல் வந்தது, அதனால் பிடித்தோம் என்கிற மாதிரி மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரீஃப் பதில் சொன்னார். மதிய இடைவேளையில் ஷெரீஃபும் அரசு வக்கீலும் அமெரிக்க அரசியல் சட்டத்தைக் கொஞ்சம் படித்துவிட்டு வரட்டும் என்றார் அந்தக் குழுவில் இருந்த செனட்டர் ராபர்ட் கென்னடி. இங்கே பழைய ஆட்கள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆனாலும் வயலில் நின்று ஜெயிக்க முடியாது என்று கொஞ்ச நாளிலேயே தெரிந்துவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து ஆள் வந்துகொண்டே இருந்தார்கள், பழம் போய்க்கொண்டே இருந்தது. அப்போதுதான் பழத்தின் பின்னாலேயே போக ஆரம்பித்தார்கள். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இது, லாரி கம்பெனிக்காரி என்பதால் இருக்கலாம். டெலானோவிலிருந்து கிளம்பும் திராட்சை லாரிகளைத் தங்கள் ஓட்டைக் கார்களில் பின்தொடர்ந்தார்கள். 1965 நவம்பரில் ஒரு லோடு சான் ஃபிரான்சிஸ்கோ துறைமுகத்துக்குப் போயிற்று. பின்னாலேயே போன சிலர் அங்கே ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கப்பலில் சரக்கு ஏற்றும் தொழிலாளிகள் அதைப் பார்த்துவிட்டு, நாங்கள் ஏற்ற மாட்டோம் என்று கையை உதறிவிட்டார்கள். திராட்சை துறையிலேயே கிடந்தது.

அந்த நேரத்தில் பண்ணையின் ஆபீஸில் யாரோ ஒருத்தி போனை எடுத்திருப்பாள் இல்லையா? "மேடம், இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?" அவள் வயிற்றையும் பிசைந்திருக்கும்.

அதற்குப் பிறகு சண்டை கடைவாசலுக்குப் போனது. இங்கே ஒரு சட்ட விசித்திரம். அமெரிக்காவில் சங்கம் அமைக்கும் உரிமையைப் பாதுகாக்கும் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில் விவசாயக் கூலிகளைச் சேர்க்கவில்லை. வீட்டு வேலைக்காரர்களையும் சேர்க்கவில்லை. தென் மாநில அரசியல்வாதிகளின் வேலை அதில் உண்டு என்பார்கள். எப்படியோ, அவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 1947இல் அதே சட்டத்தைத் திருத்தி, சங்கங்கள் சம்பந்தமில்லாத கடைகளை மறித்துப் புறக்கணிக்கச் சொல்லக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். சட்டத்துக்குள்ளேயே இல்லாத ஆட்களுக்குக் கட்டுப்பாடு மட்டும் எப்படிப் பொருந்தும்? மற்ற சங்கங்களால் செய்ய முடியாததை இவர்களால் செய்ய முடிந்தது. பந்தியில் இலை போடாதவனைப் பாத்திரம் கழுவக் கூப்பிட முடியாதே.

பெரிய பண்ணையான ஜுமாராவின் பழத்தை வாங்காதீர்கள் என்று 1967இல் ஆரம்பித்தார்கள். ஜுமாரா மற்ற பண்ணைகளின் லேபிளைக் கடன் வாங்கிப் பெட்டியில் ஒட்டி அனுப்பியது. எந்தப் பெட்டி யாருடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படியா, சரி, கலிஃபோர்னியா திராட்சை எதையுமே வாங்காதீர்கள் என்று 1968இல் அறிவித்துவிட்டார்கள். லேபிளை மாற்றி ஏமாற்றப் போய் மற்ற பண்ணைகளையும் சேர்த்து இழுத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் பக்கத்துத் தோட்டத்துப் பழத்தைத் தன் பழம் என்று விற்று மாட்டிக்கொண்டவர்கள் கதை எனக்குப் பல தெரியும், ஆனால் இந்த அளவுக்கு வாங்கிக் கட்டிக்கொண்டவர்களைக் கேள்விப்பட்டதில்லை.

பஸ்ஸில் ஏறி நியூயார்க்குக்குப் போனார்கள் தொழிலாளிகள். டோலோரஸ் ஹுவெர்ட்டா அங்கேயிருந்து நடத்தினார். வாரத்துக்கு 5 டாலர் கைச்செலவு, தங்க ஏதாவது ஒரு இடம். பனியைப் பார்த்தே இராதவர்கள் பனியில் நின்று கடைக்கு வரும் அம்மாக்களிடம் துண்டுச்சீட்டுக் கொடுத்தார்கள். டெலானோவை வரைபடத்தில் காட்டச் சொன்னால் அந்த அம்மாக்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் திராட்சை சோறு இல்லையே, சாப்பிடாவிட்டால் யாரும் செத்துவிடப் போவதில்லை. அரிசியையோ பாலையோ வாங்காதே என்று சொன்னால் யார் கேட்பார்கள்? திராட்சையைத் தாண்டி ஆப்பிளை எடுத்துக்கொண்டு போவது லேசு. திராட்சை அழுகும் பொருளாகவும் அவசியமில்லாத பொருளாகவும் இருந்தது, அந்தக் கிழவர்களுக்கு வாய்த்த இரண்டு நல்ல நேரங்கள்.

எதிர்ப்பக்கமும் சும்மா இல்லை. 1968 ஜனாதிபதித் தேர்தல் பிரச்சாரத்தில் வேட்பாளர் நிக்சன் மேடையிலேயே திராட்சை தின்று காட்டினார். வியட்நாமில் இருந்த சிப்பாய்களுக்காக ராணுவம் திராட்சையைப் பல மடங்கு கூடுதலாக வாங்கியது. எந்தப் போர்க்களத்தில் யார் கேட்டார்களோ தெரியவில்லை. அதே வருஷம் சாவேஸ் 25 நாள் உண்ணாவிரதம் இருந்தார், காந்தியின் பெயரைச் சொல்லித்தான். பத்திரிகைகள் திரும்பிப் பார்த்தன. அதெல்லாம் பலர் எழுதியாயிற்று, நான் நீட்டவில்லை.

1970 வசந்தத்தில் கோச்செல்லாவில் ஒரு பண்ணை முதலில் இறங்கிவந்து கையெழுத்துப் போட்டது. பெட்டியில் சங்கத்தின் கறுப்புக் கழுகு முத்திரை. அந்த முத்திரை உள்ள பெட்டிக்குச் சந்தையில் கூடுதல் விலை கிடைத்தது. அவ்வளவுதான், வியாபாரிகளுக்கு அதைவிடத் தெளிவாக யாராலும் எடுத்துச் சொல்ல முடியாது. ஜூலை 29 அன்று டெலானோவுக்கு வெளியே 'நாற்பது ஏக்கர்' என்ற சங்க இடத்தில் ஜுமாராவும் மற்ற பெரிய பண்ணைகளும் கையெழுத்திட்டன. மணிக்கு 1.80 டாலர், பெட்டிக்கு 20 சென்ட் மேலே. மருத்துவ நிதிக்கு மணிக்கு 10 சென்ட். டி.டி.டி. பூச்சிமருந்து தெளிக்கக்கூடாது. நிறுத்தம் ஆரம்பித்து ஐந்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு.

படம் என்றால் இங்கே முடித்துவிடுவார்கள். எங்கள் ஆபீஸ் அக்கா இங்கே முடிக்கவில்லை.

ஒப்பந்தப்படி இனி ஆள் எடுப்பது சங்கத்தின் வழியாக, வரிசைப்படி. நியாயமான ஏற்பாடு மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் மனோங்குகள் இருபது முப்பது வருஷமாக ஒரே கூட்டமாக, ஒரே மேஸ்திரியோடு, ஒரே கேம்பில் இருந்து பழகியவர்கள். புது வரிசை அவர்களைப் பிரித்துப் போட்டது. ஒருவரை இந்தப் பண்ணைக்கு, ஒருவரை அந்தப் பண்ணைக்கு. சங்கக் கூட்டங்கள் ஸ்பானிஷில் நடந்தன. 1971இல் லாரி இட்லியாங் சங்கத்தை விட்டு விலகினார். 1977இல் சாவேஸ் பிலிப்பைன்ஸின் சர்வாதிகாரி மார்க்கோஸின் அழைப்பில் அங்கே போய் வந்ததைப் பொறுக்காமல் பிலிப் வெரா க்ரூஸும் விலகினார். அதே வருஷம் இட்லியாங் இறந்தார். ரொம்ப காலம் பள்ளிப் பாடங்களில் இந்தப் போராட்டம் செப்டம்பர் 16இல் ஆரம்பித்த மாதிரித்தான் இருந்தது. முன்னால் இருந்த எட்டு நாள் காணாமல் போயிருந்தது. 2015இல்தான் கலிஃபோர்னியா அக்டோபர் 25ஐ லாரி இட்லியாங் நாளாக அறிவித்தது.

ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. வேலைக்குப் போக முடியாத வயதான மனோங்குகளுக்காக 'நாற்பது ஏக்கர்' நிலத்திலேயே ஒரு குடியிருப்பு கட்டினார்கள், 1974இல் திறந்தார்கள். மறியலில் நிற்கும்போது மாரடைப்பில் இறந்துபோன பாலோ அக்பயானி என்பவரின் பெயர் அதற்கு. ஆபீஸ் அக்காவின் சின்னத் தாத்தா கடைசிக் காலத்தில் அங்கேதான் இருந்தார். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை தோறும் அவரைப் பார்க்கப் போவார்களாம். "அவர் வாழ்க்கையில் முதல்முறையாகத் தனிக் கதவு இருந்தது. உள்ளே போனதும் தாழ்ப்பாளைப் போட்டுக் காட்டுவார், திறந்து காட்டுவார். எங்களுக்கு அது விளையாட்டு" என்றார் அக்கா.

போன மாதம் நானும் அங்கே போய்ப் பார்த்தேன். சிவப்பு ஓட்டுக் கூரை. வாசலில் யாரோ பாகற்கொடி ஏற்றிவிட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றேன், ஊரில் எங்கள் கொல்லையில் இருந்த மாதிரியே இருந்தது.

அன்று இரவு வீட்டுக்கு போன் பண்ணினேன். அங்கே விடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு எழுபத்தெட்டு. இப்போது பந்தலைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். டெலானோ, வெள்ளை பிளாஸ்டிக், ஐந்து வருஷ நிறுத்தம் எல்லாம் சொன்னேன். பிளாஸ்டிக் ஏக்கருக்கு என்ன செலவாகும் என்று கேட்டார். அப்புறம் நான் மெதுவாக, "அப்பா, அந்தப் பொம்பளைங்க வராம மூணு நாள் நின்னாங்களே, கடைசியில எவ்வளவு குடுத்தீங்க?" என்றேன்.

"எந்தப் பொம்பளைங்க?"

"தொண்ணூத்து மூணுல. அறுப்பு நேரம். என்னைச் சைக்கிள்ல அனுப்புனீங்க."

"அது என்னமோ. இருபதோ இருபத்தஞ்சோ. இப்ப எதுக்கும்மா அது?"

பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னார்: "இருபத்திரெண்டு." கொஞ்சம் விட்டு, "எல்லாருக்கும் நாலு ரூபா கூடுச்சு. அவளை மட்டும் அடுத்த அறுப்புக்குக் கூப்பிடல. நம்ம தோட்டத்துக்குன்னு இல்ல, யாருமே கூப்பிடல. கம்பத்துக்கு இட்லிக் கடையில மாவாட்டப் போனா."

அப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மா போனைக் கையில் வாங்கிக்கொண்டு, அங்கே மணி என்ன, சாப்பிட்டாயா என்று கேட்டார்.